ஏகமனதாக

மார்ச் 4

அக்கா,

சபைச் செயலாளர் அனுப்பிய பதிவுத் தபால் நேற்றுக் காலை வந்தது. உறையைப் பார்த்ததுமே கையெழுத்து யாருடையது என்று தெரிந்துவிட்டது. ஆறாம் வகுப்பில் என் வீட்டுப்பாடத்தை எழுதித் தந்து வாத்தியாரிடம் அடி வாங்க வைத்த அதே கையெழுத்து. வேலைக்குக் கிளம்பிய உடுப்போடு, கையில் எண்ணெய்த் துணியோடு, வாசலில் நின்றே பிரித்தேன்.

உனக்கு மனப்பாடமாக இருக்கும். இருந்தாலும் திருப்பி எழுதுகிறேன், ஒரு தடவை என் கையெழுத்தில் படித்துப் பார்.

"மேற்படி உறுப்பினரும் அவருடைய நண்பரும் ஆராதனைக்கு வருவதற்குத் தடையில்லை. எனினும் இருவரும் திருவிருந்தில் பங்கு பெறுவதும், பாடகர் குழுவில் பாடுவதும், ஒரே குடும்ப அட்டையில் பதியப்படுவதும் சபை ஒழுங்குக்கு ஏற்றதல்ல என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

நண்பர். ஆறு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், ஒரே கடனில் வாழ்கிற ஆளுக்கு உங்கள் கமிட்டி கண்டுபிடித்த சொல். அம்மா பரவாயில்லை. முதல் தடவை அவனைப் பார்த்தபோது அண்ணாந்து பார்த்துவிட்டு, "லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் வீட்ல ஏணி எதுக்குடா?" என்றாள். அன்றிலிருந்து அவன் ஏணி. அதில் ஒரு உரிமையாவது இருந்தது.

நாங்கள் கேட்டது இரண்டே விஷயம். எங்கள் இருவர் பேரும் சபைப் பதிவில் ஒரே குடும்ப அட்டையில் இருக்க வேண்டும். மற்றவர்களைப் போல நாங்களும் சேர்ந்து முழங்காலிட்டு அப்பமும் ரசமும் வாங்க வேண்டும். வேறு எதுவும் இல்லை.

கமிட்டியில் பதினைந்து பேர். நீ அதில் ஒருத்தி. ஏகமனதாக என்றால் பதினைந்து.

கை தூக்கினாயா? ஆமாம், இல்லை, ஏதாவது ஒன்று எழுது. ஃபோன் பண்ணாதே. பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், கடைசியில் என்ன பேசினோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

இல்லை.

நான் கை தூக்கவில்லை. இது சத்தியம். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். செயலாளர் கை தூக்குகிறாளா என்று யாரும் பார்ப்பதில்லை. "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று தலைவர் கேட்டார், கைகள் எழும்பின, எனக்கு நாற்காலிகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. கூரை ஒழுகுவதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்கள். உன்னைப் பற்றிப் பதினொரு நிமிடம். மணி பார்த்துக் குறித்தேன், அதனால் தெரியும்.

அந்தச் சொல் எப்படி வந்தது என்று கேட்பாய். பதினொரு வருஷமாக நான் எழுதும் குறிப்பு, தம்பி. மின்விசிறி வாங்கினாலும் ஏகமனதாக, ஜன்னலுக்கு வர்ணம் அடித்தாலும் ஏகமனதாக. ஒரு தீர்மானம் என்றால் அந்தச் சொல் இல்லாமல் என் கைக்கு முடிக்கத் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து நல்ல தாளில் பிரதி எடுத்தேன். மறுநாள் தபாலில் போட்டேன். அதற்கும் மறுநாள், மூன்றாவது பாடவேளையில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான் சுவரையே துடைத்துக்கொண்டிருந்தேனாம்.

நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீ ஏன் எழுதிக் கேட்டாய்? இத்தனை வருஷம் நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்து திருவிருந்து வாங்கினீர்களே, யாராவது தடுத்தார்களா? எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள். அதுவும் ஒரு வகை அன்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். எழுதிக் கேட்டால் எழுதித்தானே பதில் சொல்வார்கள்?

என் நிலைமையும் உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் சபையுடையது. கமிட்டித் தலைவர்தான் பள்ளி நிர்வாகி. மாமாவுக்கு வேலை போய் இரண்டு வருஷம். எனக்கு இன்னும் எட்டு வருஷ சர்வீஸ் இருக்கிறது.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. "இந்த மாசம் ஏன் வரல?" என்று கேட்டாள். வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். கடிதத்தைப் பள்ளி முகவரிக்கே எழுது.

உன் அக்கா


மார்ச் 15

அக்கா,

கையைத் தூக்கவில்லை, பேனாவைத் தூக்கினாய். மற்ற பதினாலு பேர் கை அரை நிமிஷத்தில் இறங்கிவிட்டது. உன் கை இன்னும் அந்தத் தாளில் தூக்கியபடியே இருக்கிறது.

ஏன் எழுதிக் கேட்டோம் என்கிறாய். கேட்டது நான் இல்லை, ஏணி. டிசம்பரில் அங்கே திருவிருந்து வாங்கிவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, பாதி வழியில் அவன் சொன்னான்: "திருடித் தின்ற மாதிரி இருக்குடா. கொடுக்கறவங்களுக்கு யாருக்குக் கொடுக்கறோம்னு தெரியணும். தெரிஞ்சு கொடுக்கணும்." ஹாஸ்டலில் வளர்ந்தவன். சாப்பாட்டுத் தட்டை யார் எப்படி நீட்டுகிறார்கள் என்று பார்த்தே வளர்ந்தவன். இருபது வயதில் தானாகப் போய் ஞானஸ்நானம் வாங்கினான். என்னை மாதிரி தொட்டிலோடு தூக்கிப்போய் நனைத்த கேஸ் இல்லை. எங்கள் இரண்டு பேரில் விசுவாசி அவன்தான். நான் கூடப் போகிறவன்.

தெரியாத மாதிரி இருப்பது அன்பு இல்லை அக்கா. பூனை கண்ணை மூடிக்கொள்ளும் கதை அது. பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிறாரே, அவர் பெண்டாட்டி போன வருஷம் மாவுக்கட்டோடு வந்தபோது "படியில விழுந்துட்டாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னது நீதான். எந்தப் படி என்று உனக்குத் தெரியும். அவருக்கு ஏதாவது தீர்மானம் போட்டீர்களா? அவர் முதல் ஆளாகப் போய் முழங்காலிடுகிறார். அவருக்கும் ஏகமனதாகக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

சரி. நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த கூட்டம் ஏப்ரல் முதல் வாரம். தொடங்கியதும் போன கூட்டத்தின் குறிப்பை நீ வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் தலைவர் "திருத்தம் ஏதாவது உண்டா?" என்று கேட்பார். அப்பா கமிட்டியில் இருந்த காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. நீ திற. "நான் சம்மதிக்கவில்லை, ஏகமனதாக என்பதை எடுத்துவிட்டு ஒருவர் தவிர என்று போடுங்கள்" என்று சொல். அவ்வளவுதான்.

தீர்மானம் மாறாது. பதினாலு பதினாலுதான், கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தாளில் என் அக்கா இருக்க மாட்டாள். எனக்கு அது போதும்.

தம்பி


ஏப்ரல் 9

தம்பி,

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன்.

கூட்டம் நடந்தது. குறிப்பை வாசித்தேன். உன் பகுதி வந்தபோது குரல் கம்மியது. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு மீதியையும் வாசித்தேன். தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "திருத்தம் ஏதாவது உண்டா?" என்றார். நான் எழுந்து நின்றேன், தம்பி. நிஜமாகவே எழுந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "சொல்லுங்க டீச்சர்" என்றார் அவர்.

"ஜன்னல் ஓரம் வெயில் அடிக்குது, திரைய இழுத்துவிட்டுட்டு வரேன்" என்றேன்.

இழுத்துவிட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது குறிப்பு உறுதி செய்யப்பட்டிருந்தது. நான்தான் அதையும் எழுதினேன். "திருத்தம் ஏதுமின்றி."

இதற்கு என்ன பேர் என்று நீ சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிக்கொள்கிறேன். கோழைத்தனம். மாமாவின் வேலை, என் வேலை என்று எதை எழுதினாலும் அந்த நிமிஷத்தில் அதெல்லாம் என் தலையில் இல்லை. பதினாலு முகம் என்னைப் பார்த்தது மட்டும்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக நாற்பது பிள்ளைகளின் முன்னால் நிற்கிறவள் நான்.

இன்னொன்று. மறுநாள் காலையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு முறிவு. இந்த வயதில் ஆபரேஷனை இதயம் தாங்காது என்கிறார்கள். வீட்டில் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். புரட்டிப் படுக்க வைக்க எனக்குத் தெரியவில்லை. அவள் வலியில் பல்லைக் கடிக்கிறாள், நான் அவளைவிட அதிகமாக அழுகிறேன். "நீ ஒருத்தி, நான் விழுந்தேனா நீ விழுந்தியா?" என்று அதட்டுகிறாள்.

நீ வர வேண்டும் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. தெரிவிக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 13

அக்கா,

ஏணி இருபது நாள் விடுப்புப் போட்டுவிட்டான். எலும்பு முறிவு வார்டில் ஒன்பது வருஷ நர்ஸ், அம்மாவை எப்படிப் புரட்டுவது என்று அவனுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வந்து இறங்குவான். நான் சனிக்கிழமை மட்டும்தான் வர முடியும். ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு லிஃப்ட் மாற்றுகிற வேலை, பாதியில் விட முடியாது.

திரை விஷயத்துக்கு நான் எதுவும் எழுதவில்லை. எழுதினால் அசிங்கமாக எழுதுவேன். ஏணி படித்துவிட்டு, "பாவம் அவங்க, எழுந்திருச்சிருக்காங்களே" என்றான். உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி, அவனுக்கு உன் மேல் கோபம் வரவில்லையே என்பதற்குத்தான்.

கழுவித் துடைக்கப் பழைய பருத்தித் துணி நிறைய எடுத்து வை. முதுகுக்கு மெல்லிய தலையணை இரண்டு. அவன் சொல்லச் சொன்னான்.

தம்பி


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு சனிக்கிழமையாக நீ வரவில்லை. லிஃப்ட் என்று ஏணி சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

அவர் விடுப்பை இரண்டாவது தடவையாக நீட்டித்துவிட்டார். உனக்குச் சொன்னாரா, தெரியாது. கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார், கால் வாசற்படியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. மாமா முதல் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மேல் பரணிலிருந்து எதையோ எடுக்க முக்காலி தேடினார். அம்மா படுக்கையிலிருந்து, "ஏன் மாப்ள, வீட்ல ஏணி இருக்கும்போது எதுக்கு முக்காலி?" என்றாள். மாமா சிரித்துவிட்டார். இந்த வீட்டில் அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

அம்மாவின் முதுகில் ஒரு புண் இல்லை. டாக்டரே வியந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டுகிறார், பேசிக்கொண்டே. அவளுக்கு வலிக்கப்போகிற நேரம் பார்த்து ஏதாவது கேள்வி கேட்கிறார். "அம்மா, உங்க மகன் சின்ன வயசுல எத்தன தடவ வீட்டவிட்டு ஓடிருக்கான்?" அவள் எண்ணத் தொடங்குவதற்குள் புரட்டி முடித்துவிடுகிறார்.

போன செவ்வாய்க்கிழமை நான் அடுக்களையில் இருந்தேன். அம்மா அவரிடம் மெதுவாகப் பேசியது கேட்டது. "அவன் கோவக்காரன்பா. கோவம் வந்தா சாப்பிடாம படுத்துருவான். நீ எழுப்பிப் போடணும். நான் அப்படித்தான் வளத்தேன்." அவர், "சரிம்மா, எழுப்பிப் போடறேன்" என்றார். நான் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், தம்பி. நாம்தான் அவளிடம் ஒளித்துக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் முதல் ஞாயிறு மாலை போதகர் ஐயா அம்மாவுக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்க வருகிறார். "அவன் வருவான்ல? எல்லாரும் ஒண்ணா வாங்கி எவ்ளோ நாளாச்சு" என்று தினமும் கேட்கிறாள். வா. ஒரு மணி நேரம்தான். ஐயாவிடம் நான் முன்கூட்டியே பேசிப் பார்க்கிறேன்.

அக்கா


ஜூன் 3

அக்கா,

பேசிப் பார்த்தாயா? கேட்கத்தான் கேட்கிறேன். பேசியிருந்தால் அவர் அந்தப் பெட்டியில் எண்ணி நாலு அப்பத் துண்டு கொண்டுவந்திருக்க மாட்டார்.

எனக்கு அந்த அறை கண்ணைவிட்டுப் போகவில்லை. அம்மாவை ஏணி தலையணை அண்டக் கொடுத்து உட்கார வைத்திருந்தான். தலை வாரிவிட்டதும் அவன். நான் கால்மாட்டில். ஐயா சின்னப் பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணி விரித்து, ஜெபம் பண்ணி, அம்மாவுக்கு, உனக்கு, மாமாவுக்கு, உன் மகளுக்கு என்று கொடுத்துவிட்டுத் தட்டைத் துணியால் மூடினார். அம்மா நாக்கில் அப்பத்தோடு சுற்றிலும் பார்த்தாள். "தம்பிக்கு? ஏணிக்கு?"

ஐயா துணியின் மடிப்பைச் சரிபண்ணினார்.

"பத்தலையா ஐயா? என்னோடதுல பாதி புட்டுக் கொடுங்க" என்று வாயிலிருந்ததை எடுக்கப் போனாள், அக்கா. எடுக்கப் போனாள். நான் வாயைத் திறந்தேன். சொல்லியிருப்பேன், எல்லாவற்றையும் அங்கேயே சொல்லியிருப்பேன். அதற்குள் நீ, "அவங்க ரெண்டு பேரும் காலைலயே கோயில்ல வாங்கிட்டாங்கம்மா" என்றாய்.

"அப்படியா? சொல்லவே இல்ல. அப்ப சரி." விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

உனக்குப் பொய் எவ்வளவு சரளமாக வருகிறது என்று பிரமித்துப்போனேன். திருத்தம் கேட்கும்போது வராத குரல், இதற்கு மட்டும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. உனக்கு நன்றி சொல்வதா, கன்னத்தில் ஒன்று கொடுப்பதா என்று இரண்டு நாளாக எனக்குத் தெரியவில்லை. அந்த நிம்மதியை அவளுக்குக் கொடுத்தது நீ. அது பொய்யான நிம்மதி. உண்மையான நிம்மதிக்கு வேண்டியிருந்தது இரண்டு துண்டு அப்பம்தான்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஐயா என்னிடம் சொன்னார்: "தப்பா நெனச்சிக்காதீங்க தம்பி. கமிட்டி தீர்மானம். ஏகமனதா வேற போட்டிருக்கு. யாராவது ஒருத்தர் மறுப்பு சொல்லியிருந்தாக்கூட மேலிடத்துக்கு எழுதி, என்ன பண்ணலாம்னு கேட்டிருப்பேன். இப்ப என் கை கட்டியிருக்கு."

கட்டிய கையால்தான் அப்பத்தைப் புட்டார். அது அவர் பாடு. ஆனால் யாராவது ஒருத்தர் என்றார். நீ உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய்.

தம்பி


ஜூலை 9

அம்மா போய்ப் பதினாறு நாள். இது கடைசிக் கடிதம். அதனால் முழுக்க எழுதிவிடுகிறேன்.

அவள் மூச்சு நின்றபோது கையைப் பிடித்திருந்தது ஏணி. நான் பஸ்ஸில் இருந்தேன், நீ பள்ளியில். கண்ணை மூடிவிட்டதும், தாடையைக் கட்டியதும், கழுவி உடுத்தியதும் அவன். உனக்குப் புடவை மடிப்பு சரியாக வரவில்லை என்று நீயே அவனிடம் கொடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா?

பெட்டியைத் தூக்க ஆறு பேர் என்று மாமா பட்டியல் போட்டார். நான், மாமா, மற்ற நாலு பேர் கமிட்டி. உன் தாளில் இருக்கிற நாலு பேர். ஏணி வந்து ஒரு ஓரத்தைப் பிடிக்கப் போனான். உயரம் பொருந்தாது, பெட்டி சாயும் என்று யாரோ சொன்னார்கள். அவன் கையை எடுத்துவிட்டான். அவன் அப்படித்தான், சொன்னால் எடுத்துவிடுவான். நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். என் அம்மாவைச் சுமக்கிறேனா, அந்தத் தீர்மானத்தைச் சுமக்கிறேனா என்று தெரியாமல் நடந்தேன்.

அதெல்லாம்கூடப் போகட்டும். கல்லறையிலிருந்து திரும்பி எல்லாரும் சபை மண்டபத்தில் உட்கார்ந்தபோது அவன் காவலாளியோடு சேர்ந்து பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தான். சும்மா நிற்கத் தெரியாது அவனுக்கு. தலைவரின் மனைவி உன்னிடம் கேட்டார், "அந்த ஒசரமான ஆள் யாரு? ரொம்ப அழறாரே."

நீ சொன்னாய்: "அம்மாவப் பாத்துக்க சம்பளத்துக்கு வெச்ச நர்ஸ்."

அவன் உன் பின்னால் இருந்தான். நாலு நாற்காலி கையில். என்னிடம் அவன் சொல்லவில்லை. காவலாளி சொன்னார். ஊருக்குத் திரும்பி வந்ததும் கேட்டேன். "நர்ஸ்தானே நான்" என்றான். இரண்டு மாசம் அவன் வாங்காத சம்பளத்தை நீ ஒரு வரியில் கொடுத்துவிட்டாய்.

அவன் இங்கே கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டான். சனிக்கிழமையே ஞாயிறு டியூட்டி கேட்டு வாங்கிக்கொள்கிறான். நான் எதற்கும் கடவுளைக் கூப்பிடாதவன். எனக்கே அது தாங்கவில்லை. பதினாலு பேராலும் ஒரு தாளாலும் எடுக்க முடியாததை அவனிடமிருந்து நீ எடுத்துவிட்டாய்.

இனி எழுதாதே.


அக்டோபர் 7

தம்பி,

எழுதாதே என்றாய். மூன்று மாதம் எழுதவில்லை. இதை நீ படிக்காவிட்டாலும் சரி, அவரிடம் கொடுத்துவிடு.

ஜூலைக் கடைசியில் ஆண்டுப் பொதுக்கூட்டம். சபையார் எல்லாரும் இருப்பார்கள், இருநூறு பேராவது. வருஷத் தீர்மானங்களைச் செயலாளர் வாசிக்க வேண்டும். உன்னுடையது ஒன்பதாவது. அதை வாசித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தேன். "இதுல ஒரு பொய் இருக்கு. இது ஏகமனதா நிறைவேறல. நான் சம்மதிக்கல. ஏகமனதாங்கிற சொல்ல எழுதினது நான்தான், தப்பா எழுதிட்டேன். அந்த உறுப்பினர் என் தம்பி. நண்பர்னு போட்டிருக்கிறவர் என் தம்பியோட துணை. எங்க அம்மாவ ரெண்டு மாசம் பாத்துக்கிட்டவர். அவர சம்பளத்துக்கு வெச்ச நர்ஸ்னு இந்த மண்டபத்துலதான் சொன்னேன். அதுவும் பொய்" என்றேன்.

நீ நினைப்பதுபோல யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தலைவர் பொறுமையாகச் சொன்னார்: "டீச்சர், அது ஏப்ரல்லயே உறுதி பண்ணின குறிப்பு. திருத்தம் இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இப்ப மாத்த விதி இல்ல." பக்கத்தில் ஒருவர், "பாவம், அம்மா போன துக்கம்" என்றார். அடுத்த பொருள் ஒலிபெருக்கி. அதற்கு முக்கால் மணி நேரம் விவாதம்.

ஆக, அந்தச் சொல் அப்படியேதான் இருக்கிறது. நான் இழுத்துவிட்ட திரைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. ஐயாவைப் போய்ப் பார்த்தேன். மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார். எழுதினாரா என்று தெரியாது.

செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டேன். பள்ளியில் என்னை இறக்கி இரண்டாம் வகுப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து மாமா, "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, கிழவி இருக்கும்போதே" என்றார்.

ஆகஸ்டிலிருந்து நான் திருவிருந்து வாங்குவதில்லை. முதல் ஞாயிறு, வரிசை வரிசையாக எழுந்து போவார்கள் இல்லையா, நான் உட்கார்ந்திருக்கிறேன். என் தம்பிக்கும் அவருக்கும் கொடுக்கும் நாளில் எனக்கும் கொடுங்கள் என்று ஐயாவிடம் சொல்லிவிட்டேன். முழங்காலைத் தாண்டிக்கொண்டு எல்லாரும் போகிறார்கள். முதல் மாதம் நான் ஏதோ பெரிய பாவம் செய்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அது உண்மைதானே என்று விட்டுவிட்டேன். காலி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரிகிறது, எல்லாரும் வாங்கி முடிக்கும்வரை பாடுகிற அந்தப் பாட்டு எவ்வளவு நீளம் என்று. நீங்கள் இரண்டு பேரும் அதை எத்தனை தடவை உட்கார்ந்தபடியே கேட்க வேண்டும் என்று நான் எழுதி அனுப்பியிருந்தேன்.

நேற்று முன்தினம், இந்த மாத முதல் ஞாயிறு, எனக்கு முன் பெஞ்சில் ஓய்வுபெற்ற தபால்காரரும் எழுந்திருக்கவில்லை. பதினாலு பேரில் அவரும் ஒருவர். முட்டிவலியா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

நீ வர வேண்டும் என்று எழுதவில்லை. மன்னிக்க வேண்டும் என்றும் எழுதவில்லை. ஏணிக்கு மட்டும் ஒரு வரி: தம்பி, நீங்கள் யார் என்று கேட்டபோது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன். அதற்கு வெட்கப்படுகிறேன்.

அக்கா


அக்டோபர் 15

அக்கா,

உன் கடிதத்தைப் பிரிக்காமல் சமையல் மேடையில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் ஏணி அதைப் படித்து முடித்து, கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அடுப்பில் எதுவும் இல்லை.

"தனியாவா உக்காந்திருக்காங்க?" என்றான்.

"தபால்காரர் இருக்காரே, முன் பெஞ்சுல."

"அவருக்கு நெசமாவே முட்டிவலியா இருந்தா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால்தான் படித்தேன்.

நீ எழுந்து பேசியதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன், ஒரு பத்து நிமிஷம். பிறகு மாமா கேட்டதுதான் எனக்கும் வந்தது. அதை நீயே எழுதிவிட்டதால் நான் மறுபடி எழுதவில்லை. அம்மா அந்தத் தீர்மானம் தெரியாமலே போய்விட்டாள், நாம் இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தோம். உன் கணக்கில் மட்டும் அதைப் போட எனக்கும் இப்போது மனசு வரவில்லை. அன்றைக்கு அந்த அறையில் உன் பொய்க்கு மேல் நானும் ஒரு சொல் சொல்லவில்லை.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நான் வருவதாக இல்லை. அந்த மண்டபத்து வாசலை மிதிக்க என் கால் ஒத்துக்கொள்ளாது. இந்த வருஷம் இல்லை. எப்போது என்று தெரியாது.

ஆனால் ஏணி நவம்பர் முதல் ஞாயிறுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டான். இரண்டு நாள் சண்டை போட்டேன். "உன்ன சம்பளத்துக்கு வெச்ச ஆளுன்னு சொன்னவங்கடா" என்றேன். "அதுக்குத்தான் போறேன். இன்னொரு தடவ யாராவது கேக்கட்டும்" என்றான். சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். ஒன்பது மணிக்கு எழுப்பித் தட்டில் சாப்பாடு போட்டான்.

காலை முதல் பஸ்ஸில் வருவான். எந்தப் பெஞ்ச் என்று எழுது. உன் பக்கத்தில்தான் உட்காருவானாம். எல்லாரும் எழுந்து போகும்போது நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பீர்கள். ஆறடி இரண்டங்குலம், மறைத்து உட்கார வைக்க முடியாது. முழங்காலைத் தாண்டிப் போகிறவர்களில் யாராவது ஒருத்தர் உன் பக்கம் குனிந்து, இவர் யாரு என்று கேட்பார்கள்.

என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தரமாட்டேன்.

தம்பி